போறது வேற, வர்றது வேற

எங்கள் சலவைக் கடையில் நான்கு பேர். கல்லாவில் என் தங்கை, இயந்திரங்களுக்கு அவள் புருஷன், இஸ்திரிக்கு நான், மேற்பார்வைக்கு மேனேஜர். மேனேஜர் பூனை. தான் எந்த வேலையும் செய்யாமல், மற்றவர்கள் செய்கிறார்களா என்று பார்த்துக்கொண்டு, இருப்பதிலேயே சுகமான இடத்தில் உட்கார்ந்திருப்பான் என்பதால் அந்தப் பெயர். சுகமான இடம் என்பது துணி உலர்த்தும் இயந்திரத்தின் தலை. ஒரு தடவை அதன் மேல் எட்டு மணி நேரம் தொடர்ந்து தூங்கியதில் இரண்டு அங்குலம் சுருங்கிவிட்டான். ஈரத்துண்டில் சுற்றி, நான்கு மூலையையும் இழுத்துப் பிடித்து, மிதமான சூட்டில் நானே தேய்த்துத்தான் பழைய நீளத்துக்குக் கொண்டுவந்தேன். சந்தேகம் இருப்பவர்கள் வந்து அளந்து பார்க்கலாம்.

தங்கை புருஷனை நான் மாப்பிள்ளை என்று கூப்பிடுகிறேன். வயது அறுபத்தெட்டு, மேல்வரிசையில் மிஞ்சியிருப்பது இரண்டு பல், இடுப்பில் வலிக்குக் கட்டும் பட்டை. ஆனாலும் மாப்பிள்ளை. அவருக்கு நான் மச்சான். முப்பத்தொரு வருடமாக ஒரே கடை, கடைக்கு மேலேயே ஒரே வீடு. இத்தனை வருடத்தில் மரியாதை குறைந்து ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை. சண்டை வந்தால்கூட, "உங்களுக்கு மூளைன்னு ஒண்ணு இருக்காங்க?" என்றுதான் கேட்டுக்கொள்வோம்.

கிலோக் கணக்கில் துணி வாங்கித் துவைக்கிற கடை என்பதால் மாப்பிள்ளைக்குத் தராசுதான் வேதம். எடை போடாத எதையும் நம்பமாட்டார். பேச்சும் எடை போட்டுத்தான் வரும். தொலைபேசியைக் கையில் கொடுத்தால் அதுவும் வராது. அதனால் வெளியில் பேசவேண்டியதை எல்லாம் நான் பேசுவேன். அவர் தராசு, நான் வாய். தங்கை கடையில் இருக்கும்வரை இந்த ஏற்பாட்டில் யாருக்கும் சேதம் ஏற்பட்டதில்லை.

மகளுக்குப் பிரசவம் என்று தங்கை வெள்ளிக்கிழமை ஊருக்குப் போனாள். போகுமுன் மேனேஜர் விஷயமாக ஒரு தாள் எழுதி அலமாரிக் கதவில் ஒட்டினாள். தீனி காலையில் முப்பது கிராம், மாலையில் முப்பது கிராம். தண்ணீர்க் கிண்ணத்தைத் தினமும் கழுவவேண்டும். திங்கட்கிழமை, அவன் வெளிக்குப் போகிற தட்டில் மணல் மாற்றவேண்டும். கடைசி வரிக்குக் கீழே இரண்டு கோடு: 'ஏதாவது ஒண்ணுன்னா டாக்டருக்குப் போன் பண்ணுங்க.' அந்த ஒண்ணு எது என்று எழுதாமல் போய்விட்டாள்.

திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு மாப்பிள்ளை மணல் தட்டைக் கழுவிப் புது மணல் கொட்டினார். பையில் இரண்டு கிலோ என்று போட்டிருந்தது, அதனால் இரண்டு கிலோ. தட்டோடு சேர்த்துத் துணித் தராசில் வைத்து, இரண்டு கிலோ அறுநூறு என்று ஒரு துணிச்சீட்டில் எழுதிச் சுவரில் குத்தினார்.

"இது எதுக்கு மாப்ள? மணலை யாரு திரும்ப வாங்கிட்டுப் போகப் போறாங்க?"

"எதுக்குமில்ல மச்சான். வந்த எடைய எழுதி வச்சிட்டா மனசுக்கு நிம்மதி."

எட்டு மணிக்கு மேனேஜர் மணலுக்குப் போனான். குந்தினான், எழுந்தான், ஒன்றுமில்லாத இடத்தை ஒழுங்காக மூடினான். நான்கு அடி நடந்தான். திரும்பிப் போய் மறுபடியும் குந்தினான்.

மாப்பிள்ளை போர்வை உதறுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார். "என்ன மச்சான், இவன் போனவன் திரும்பத் திரும்பப் போறான்?"

"நீங்க காலைலேருந்து எத்தனை தடவை போனீங்க?"

யோசித்தார். "அஞ்சு."

"நான் ஏழு. நம்மள யாராச்சும் கூடையில வச்சு டாக்டர்கிட்ட தூக்கிட்டு ஓடினாங்களா? வயசானா அப்படித்தான். கூப்பிடும், போவோம், ரெண்டு சொட்டு வரும், வந்து உக்காந்தா மறுபடியும் கூப்பிடும்."

"அவனுக்கு ஏழு வயசுதானே?"

"பூனைக் கணக்குல அவன் நமக்கு அண்ணன்."

கிழவர்கள் வளர்க்கும் பிராணிகளுக்கு இது ஒரு ஆபத்து. எங்கள் உடம்பில் இருக்கிற கோளாறு எதுவும் எங்கள் கண்ணுக்குக் கோளாறாகவே தெரிவதில்லை. அது நொண்டினால் நானும் நொண்டுகிறேன் என்போம். சாப்பிடாவிட்டால் எனக்கும்தான் பசியில்லை என்போம். மேனேஜர் அன்று குந்திய குந்தலைப் பார்த்து எனக்குக் கவலையே வரவில்லை. ஒரு தோழமை வந்தது.

மாப்பிள்ளைக்குத் தோழமை வரவில்லை. ஒரு துணிச்சீட்டின் பின்பக்கத்தில் கோடு போட ஆரம்பித்தார். போனால் ஒரு கோடு. நான் ஏழு சட்டை முடிப்பதற்குள் நான்கு கோடு விழுந்தது. நடுநடுவே மேனேஜர் வாலுக்கடியில் விடாமல் நக்கிக்கொண்டான். ஒரு தடவை தட்டிலேயே நின்று கத்தினான். துருப்பிடித்த கீலில் கதவு திரும்புகிற மாதிரி ஒரு சத்தம். காலையில் வைத்த தீனியை மாப்பிள்ளை திரும்பவும் எடை போட்டார். முப்பது கிராம் முப்பது கிராமாகவே இருந்தது.

ஒரு மணிக்குச் சீட்டை என் இஸ்திரி மேசையில் வைத்தார். "ஏதாவது ஒண்ணுன்னா போன் பண்ணச் சொல்லியிருக்கா."

"இது ஒண்ணா?"

"நாப்பது மச்சான்."

மருத்துவமனையின் முன்மேசையில் ஒரு பெண் உட்கார்ந்திருக்கும். போன வருடம் தடுப்பூசிக்குப் போனபோது, மேனேஜர் என் கைக்கடிகாரத்தை விழுங்கிவிட்டான், ஆறு மாதமாக அவன் வயிற்றில் காது வைத்துத்தான் கடை திறக்கிறோம் என்று அதனிடம் சொல்லியிருந்தேன். அந்தப் பெண் அரைமணி நேரம் சிரித்தது. அன்றைக்கு எனக்கு அது ஒரு சாதனையாகத் தெரிந்தது.

எண்ணைச் சுழற்றினேன். மாப்பிள்ளை என் தோளுக்குப் பின்னால் வந்து நின்றார். நாள் முழுக்க மணலுக்குப் போகிறான், சாப்பிடவில்லை, கத்துகிறான் என்றேன்.

"ஐயா, ஒண்ணுக்குப் போறானா? அதைச் சொல்லுங்க முதல்ல."

தொலைபேசியின் வாய்ப்பக்கத்தைக் கையால் பொத்திக்கொண்டு திரும்பினேன். "ஒண்ணுக்குப் போறானான்னு கேக்குது."

"அதைத்தானே சொல்லிட்டிருக்கேன்! அதுக்குத்தான் போறான். காலைலேருந்து நாப்பது தடவை."

கையை எடுத்தேன். "போறாம்மா. காலைலேருந்து நாப்பது தடவை."

அந்தப் பக்கம் சிரிப்புச் சத்தம். "ஐயா, இது அந்தக் கடிகாரம் முழுங்கின பூனைதானே?"

"அதேதாம்மா."

"நாப்பதுன்னா நாலுன்னு எடுத்துக்கறேன். ஒண்ணுக்குப் போறான்னா அவ்வளவு பயமில்ல. ஆண் பூனைக்கு ஒண்ணுக்கு நின்னுடுச்சுன்னா மட்டும் ஒரு மணி நேரம்கூட வச்சிருக்கக் கூடாது, அப்படியே தூக்கிட்டு வந்துடணும். புரியுதுங்களா? மத்தபடி, சாப்பிடலன்னா நாளைக்குக் காலைல கொண்டாங்க."

என் வாழ்நாளில் யாரோ எண்ணிக் கொடுத்த எண்ணை நான் கூட்டாமல் குறைக்காமல் சொன்னது அன்று ஒரு தடவைதான்.

"போறவரைக்கும் பயமில்லையாம்," என்றேன் மாப்பிள்ளையிடம்.

அவர் முகம் அப்படியே தெளிந்தது. அதற்கப்புறம் நாங்கள் செய்தது இதுதான். ஒவ்வொரு தடவை மேனேஜர் தட்டில் ஏறும்போதும் சந்தோஷப்பட்டோம். "அம்பத்தேழு! போறான் மச்சான்." "போகட்டும், நல்லா போகட்டும்." மாலைக்குள் எண்பது ஆயிற்று. எண்பதாவது தடவை போனபோது, "எமகாதகன்! எனக்குக்கூட இவ்வளவு கிடையாது," என்று தலையைத் தடவிக் கொடுத்தேன். அவன் என் கையைக் கடித்தான். ஏழு வருடத்தில் அவன் என்னைக் கடித்ததில்லை. அதையும் நான் தெம்பு என்று எடுத்துக்கொண்டேன்.

ஆறு மணிக்குத் தங்கை கூப்பிட்டாள். மகளுக்கு இன்னும் வலி வரவில்லை, இன்றோ நாளையோ என்கிறார்கள் என்று சொல்லும்போதே குரல் நடுங்கியது.

"அண்ணா, மேனேஜர் எப்படி இருக்கான்?"

"நல்லா போறாம்மா."

"என்னைத் தேடுறானா?"

"தேடவா? உன் நாற்காலியில ஏறி உக்காந்துட்டான். ரெண்டு பேருக்கு ரசீதுகூடப் போட்டான். கையெழுத்து உன்னைவிட நல்லா இருக்குன்னு சொல்லிட்டுப் போறாங்க."

சிரித்தாள். மாப்பிள்ளை தொலைபேசியை வாங்கி நான்கு தடவை "ம்" என்றார். பிறகு, "சாப்பாடு இறங்கல அவனுக்கு," என்றார். பிறகு, "கேட்டாச்சு. மச்சான்தான் பேசினாரு. பயமில்லையாம்," என்றார். அவர் சொன்னால் அவள் நம்புவாள்.

செவ்வாய்க்கிழமை காலையில் உலர்த்தியின் தலையில் மேனேஜர் இல்லை. இஸ்திரி மேசைக்கு அடியில், யாரும் வாங்கிப்போகாத திரைச்சீலைக் கூடைக்குப் பின்னால் இருந்தான். முன்கால்களை மடக்கி, முகத்தைச் சுவர்ப் பக்கம் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் வெள்ளையாக நுரை வாந்தி. கூப்பிட்டேன். காதுகூட அசையவில்லை.

"இப்ப மணலுக்கே போகல மச்சான்," என்றார் மாப்பிள்ளை.

"ஓய்வெடுக்கறான். நேத்து அத்தனை தடவை போனவனுக்கு இன்னைக்கு என்ன மிச்சம் இருக்கும்?"

துடைப்பத்தை எடுத்துத் தட்டைச் சுற்றிச் சிந்திக் கிடந்த மணலை எல்லாம் கூட்டி அள்ளித் தட்டிலேயே போட்டார். தட்டைத் தூக்கிப் போய்த் தராசில் வைத்தார். அப்படியே நின்றார். தட்டை இறக்கிவிட்டு, பித்தளைக் கிலோக் கல்லை வைத்துத் தராசைச் சரிபார்த்தார். சரியாக ஒரு கிலோ. மறுபடியும் தட்டை வைத்தார்.

"மச்சான், இங்க வாங்க."

போனேன். தராசின் கண்ணாடியில் சிவப்பு எழுத்தில் இரண்டு கிலோ அறுநூறு என்று இருந்தது. சுவரில் சீட்டிலும் அதுவே.

"நூத்திப் பன்னெண்டு தடவை போயிருக்கான். ஒரு கிராம் ஏறல."

"அப்ப போனதெல்லாம் எங்க போச்சு?"

"எங்கயும் போகல. பூரா உள்ளயே நிக்குது."

மணலுக்குள் கைவிட்டுப் பார்த்தேன். காய்ந்திருந்தது. பையிலிருந்து கொட்டியபோது எப்படி இருந்ததோ அப்படியே பொலபொலவென்று இருந்தது. முன்மேசைப் பெண் சொன்ன இன்னொரு வாக்கியம், நான் மாப்பிள்ளையிடம் சொல்லாமல் விட்டது, அப்போதுதான் எனக்கு நினைவு வந்தது. ஒரு மணி நேரம்கூட வச்சிருக்கக் கூடாது. நாங்கள் அதற்குமேல் முழுதாக ஒரு நாள் வைத்திருந்து, கைதட்டி எண்ணியும் இருக்கிறோம்.

துணிக்கூடையில் தலையணை உறை விரித்து அவனை வைத்தேன். வயிற்றடியில் கைபட்டதும் முனகினான். துணி கொண்டுபோய்க் கொடுக்கிற வண்டியை மாப்பிள்ளை ஓட்டினார். வாழ்க்கையில் ஒரு சிவப்பு விளக்கைத் தாண்டாதவர் அன்று இரண்டைத் தாண்டினார். மூன்றாவதில் முன்னால் பேருந்து நின்றதால் தாண்ட முடியவில்லை. கூடை என் மடியில் இருந்தது. ஏதாவது சொல்லி அவனைத் தைரியப்படுத்தலாம் என்று பார்த்தேன். எழுபத்துமூன்று வருடமாக எதைக் கேட்டாலும் ஒரு கதை வந்த வாய். அன்று அவன் பெயரைத் தவிர ஒன்றும் வரவில்லை.

முன்மேசைப் பெண் எங்களைப் பார்த்ததும் எழுந்தது. "நேத்து போறான்னு சொன்னீங்களேய்யா!" என்று கேட்டுக்கொண்டே கூடையை வாங்கி நேராக உள்ளே கொண்டுபோனது. டாக்டரம்மா குட்டையான ஆள். எஃகு மேசை அவர் மார்பு வரை வந்தது. மேனேஜரின் அடிவயிற்றைத் தொட்டார். தொட்டவுடன் கையை எடுத்துவிட்டார்.

"கல்லு மாதிரி இருக்கு. கடைசியா ஒண்ணுக்குப் போனது எப்போ?"

"நேத்து பூரா போயிட்டேதான் இருந்தான் டாக்டரம்மா, காலைல எட்டு மணிக்கு ஆரம்பிச்சவன்…"

"ஐயா. போறது வேற, வர்றது வேற. வந்ததை எப்போ பார்த்தீங்க?"

வாயைத் திறந்தேன்.

மாப்பிள்ளை சட்டைப் பையிலிருந்து இரண்டு சீட்டுகளை எடுத்து எஃகு மேசையில் வைத்தார். ஒன்றில் எடை, ஒன்றில் கோடுகள். டாக்டரம்மா இரண்டையும் பார்த்தார். கோடுகளை விரலால் ஒரு வரிசை எண்ணிவிட்டு நிறுத்திக்கொண்டார்.

"ஆண் பூனைக்கு ஒண்ணுக்கு வர்ற குழாய் நூல் கனம்தான். உப்பு மணல் மணலா சேர்ந்து அடைச்சுக்கும். அடைச்சா திரும்பத் திரும்பப் போகும், முக்கும், கத்தும், நக்கும். பாக்கறவங்களுக்கு நிறைய போற மாதிரியே இருக்கும். வாந்தி எடுத்தானா?"

"காலைல. நுரையா."

"அப்ப விஷம் ரத்தத்துல ஏற ஆரம்பிச்சிருச்சு." காதுக்குழாயை மாட்டி அவன் நெஞ்சில் வைத்துக் கேட்டார். "துடிப்பும் கம்மியா இருக்கு. மயக்கம் கொடுத்து அடைப்பை எடுக்கணும். இந்த நிலைமையில மயக்கத்துலயே போயிடவும் வாய்ப்பிருக்கு. எடுக்காம விட்டா நிச்சயம் போயிடுவான். கையெழுத்துப் போடுங்க."

மாப்பிள்ளை போட்டார். உரிமையாளர் என்ற இடத்தில் தங்கையின் பெயரை எழுதி, அவளுக்காக என்று எழுதி, கீழே தன் கையெழுத்து.

வெளியே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தோம். சுவர்க் கடிகாரத்தைப் பார்க்கப் பிடிக்காமல் தரையைப் பார்த்தேன்.

"என் வாயாலதான் மாப்ள."

"நான்தானே நாப்பது தடவை போறான்னு சொன்னேன்."

"நீங்க என்கிட்ட சொன்னீங்க. அவகிட்ட சொன்னது நான்."

"நீங்க சொன்னதுல பொய் இல்ல மச்சான். நானும் அதைத்தான் நேத்துலேருந்து திருப்பித் திருப்பிப் போட்டுப் பாக்கறேன். எங்கயும் பொய் இல்ல." கொஞ்ச நேரம் கழித்து, "இருந்திருந்தா உங்களைத் திட்டவாவது திட்டலாம்," என்றார்.

முன்மேசைப் பெண் இரண்டு குவளை தண்ணீர் கொண்டுவந்தது. "நாப்பதுன்னு நீங்க சொன்னப்ப நான் சிரிச்சிருக்கக் கூடாதுங்கய்யா."

"அதுக்கு முன்னாடி நான் கடிகாரத்தைச் சொல்லியிருக்கக் கூடாதும்மா."

உள்ளிருந்து யாரோ "கையெழுத்துப் போட்டவர்" என்று கூப்பிட்டார்கள். மாப்பிள்ளை எழுந்து போனார். கதவு மூடிக்கொண்டது. அந்தக் கதவுக்குக் கீழே ஒரு விரல்கடை இடைவெளி. அதில் செருப்புக் கால்கள் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓடுவது தெரிந்தது. பிறகு கால்கள் நின்றன. எல்லாம் ஒரே இடத்தில் நின்றன.

கதவு திறந்தது. மாப்பிள்ளை கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார். இரண்டு கண்ணிலும் தண்ணீர்.

"போயிட்டான் மச்சான்," என்றார்.

தங்கையின் குரல் காதில் வந்தது. மாலை ஆறு மணிக்கு அவள் கூப்பிடுவாள் என்பது வந்தது. அவன் என் கையைக் கடித்தது வந்தது. அது தெம்பில்லை, 'அட கிழவா, பாரேன்' என்று அவனுக்குத் தெரிந்த ஒரே பாஷையில் சொல்லியிருக்கிறான். என் கதைகளில் யானை செத்திருக்கிறது, இரண்டு ஊர் வெள்ளத்தில் போயிருக்கிறது, ஒரு தடவை நானே செத்து மூன்றாம் நாள் சாப்பாட்டுக்கு வந்திருக்கிறேன். யாருக்கும் ஒன்றும் ஆனதில்லை.

மாப்பிள்ளை பக்கத்து நாற்காலியில் விழுந்தார். "சட்டி நிறைய," என்றார்.

"என்ன சட்டி?"

"இரும்புச் சட்டி. நூத்தி முப்பது மில்லி. நானே அளந்து பாத்தேன். ரத்தம் கலந்து, செக்கச்செவேல்னு. குழாய் உள்ள போச்சு, கொடகொடன்னு போயிட்டான் மச்சான். ஒண்ணுக்கு."

"உயிரோட இருக்கானா?"

"இருக்கான்."

"யோவ்!" என்றேன். முப்பத்தொரு வருட மரியாதை அந்த இடத்தில் உடைந்தது. "அதை முதல்ல சொல்லித் தொலைய மாட்டியாய்யா நீ?"

அவர் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு என்னைப் பார்த்தார். கோபமில்லை. "போயிட்டான்னு சொன்னேனே," என்றார்.

டாக்டரம்மா வெளியே வந்து உட்காராமலே பேசினார். அடைப்பு எடுத்தாயிற்று, சிறுநீரகம் எவ்வளவு பழுதாகியிருக்கிறது என்பது ரத்தத்தில் விஷம் இறங்குவதைப் பார்த்தால்தான் தெரியும், குழாயோடு மூன்று நாள் இங்கேயே இருக்கட்டும் என்றார். பிழைத்து வந்தாலும் திரும்ப அடைக்கலாம். முதல் ஒரு வாரம், பத்து நாள் ரொம்பக் கவனம். உலர்ந்த தீனியை நிறுத்தி ஈரமான தீனி கொடுக்கவேண்டும். "வீட்ல சமீபத்துல ஏதாவது மாறுச்சா? சில பூனைங்களுக்கு மனக்கஷ்டத்துலயும் இது வரும்."

"வீட்டுக்காரி ஊருக்குப் போயிருக்கா," என்றார் மாப்பிள்ளை.

"அவங்ககிட்ட சொல்லிட்டீங்களா?"

"ஆறு மணிக்குக் கூப்பிடுவா," என்றார் மாப்பிள்ளை.

அன்று ஆறு மணிக்கு மணி அடித்ததும் நான்தான் எடுத்தேன். நான் வாயைத் திறக்குமுன் அவள் கத்தினாள். "அண்ணா! பேத்தி பொறந்துட்டா! மூணு கிலோ நூறு. அவர்கிட்ட சொல்லு, எடைய முதல்ல சொல்லு!"

சொன்னேன். மாப்பிள்ளை உலர்த்தியின் மேல் கையை ஊன்றிக்கொண்டு, "மூணு நூறு," என்று மெதுவாகத் தனக்குள் சொல்லிக்கொண்டார். பிறகு என் முகத்தைப் பார்த்துத் தலையை ஆட்டினார். வேண்டாம், இன்றைக்கு வேண்டாம் என்கிற ஆட்டல்.

"மேனேஜர்கிட்டயும் சொல்லு! என்ன பண்றான்?"

ரசீது போடுகிறான் என்று சொல்லியிருக்கலாம். வார்த்தை நாக்கின் நுனியில் வந்து நின்றது. பேத்திக்குப் பெயர் யோசிக்கிறான் என்று இன்னொன்றும் நின்றது. இரண்டும் நல்ல வார்த்தைகள்.

"மேனேஜர் ஆஸ்பத்திரியில இருக்கான்மா. ஒண்ணுக்கு அடைச்சிருச்சு. நேத்தே அடைச்சிருச்சு, எங்களுக்குத் தெரியல. இன்னைக்குக் காலைல மயக்கம் கொடுத்து எடுத்தாங்க. பொழைப்பானான்னு மூணு நாள் கழிச்சுத்தான் சொல்லுவாங்களாம்."

அந்தப் பக்கம் ஏதோ குழந்தையின் அழுகை கேட்டது. அவள் சிரித்தாள், பாதிச் சிரிப்பு.

"அண்ணா, இன்னைக்குமா? நல்ல நாள் அதுவுமா."

"கதை இல்லம்மா."

"நேத்து நல்லா போறான்னியே."

"போனான். வரல."

"அவர்கிட்ட குடு," என்றாள்.

கொடுத்தேன். மாப்பிள்ளை நின்றபடி கேட்டார். "ஆமா," என்றார். "ஆமா, அவர் சொன்னது அத்தனையும் நிஜம்தான்," என்றார். தொலைபேசியை வைத்துவிட்டு, ஓடி முடிந்திருந்த இயந்திரத்தைத் திறந்து ஈரத்துணிகளை வெளியே எடுக்க ஆரம்பித்தார்.

"என்ன சொன்னா?"

"அழறா. ஒரு கையில புள்ளய வச்சுக்கிட்டு அழறா." ஒரு போர்வையை முறுக்கிப் பிழிந்தார், இயந்திரம் ஏற்கெனவே பிழிந்திருந்தது. "நாளைலேருந்து டாக்டர்கிட்ட அவளே பேசிக்கறாளாம்."

வெள்ளிக்கிழமை காலை அவனைக் கொண்டுவந்தோம். ரத்தத்தில் விஷம் இறங்கியிருந்தது, முழுதும் இல்லை. முன்காலில் ஊசிக்காக ஒரு பட்டை அளவு மயிர் வழித்திருந்தார்கள். உடம்பு மெலிந்து எலும்பு தெரிந்தது. உலர்த்தியின் தலையில் ஏறப் பார்த்து, முடியாமல், கீழேயே நின்றான். நான் தூக்கி வைக்கப் போனேன். அதற்குள் அவன் மணல் பக்கம் நடந்தான்.

இயந்திரங்களை நிறுத்திவிட்டோம். கடையில் வேறு சத்தமே இல்லை. மேனேஜர் தட்டில் ஏறினான், சுற்றினான், குந்தினான். நான் ஒரு பக்கம், மாப்பிள்ளை சற்றுத் தள்ளி நாற்காலியில். அவன் வால் கொஞ்சம் நடுங்கியது. எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியாது. நீளமாகச் சொல்லுகிற பழக்கம் எனக்கு உண்டு என்பதால் சொல்லாமல் விடுகிறேன். எழுந்தான், மூடினான், இறங்கினான்.

முழங்காலை ஊன்றிக் குனிந்து மணலுக்குள் கைவிட்டேன். விரலில் ஈரம் பட்டது, நனைந்த மணல் உருண்டையாகக் கட்டியிருந்தது.

"வந்திருக்கு மாப்ள."

"எவ்வளவு?"

பெரிய எலுமிச்சை என்று சொல்ல ஆசையாக இருந்தது. "சின்ன எலுமிச்சை," என்றேன். "அதைவிடக் கொஞ்சம் கம்மி."

நாற்காலி நகர்கிற சத்தம் கேட்டது. மாப்பிள்ளை இடுப்புப் பட்டையைப் பிடித்துக்கொண்டு எழுந்து வந்தார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு என் பக்கத்தில் மெல்ல உட்கார்ந்து, நான் வைத்திருந்த இடத்திலேயே தன் கையையும் மணலுக்குள் விட்டார். தடவிப் பார்த்தார். கட்டியை வெளியே எடுத்து வெளிச்சத்தில் திருப்பினார்.

"சின்ன எலுமிச்சைக்குக் கொஞ்சம் கம்மிதான்," என்றார்.

பார்க்காமல் நம்பியிருந்தால்தான் எனக்குக் கோபம் வந்திருக்கும்.

அதற்குள் மேனேஜர் நான்கு அடி போய் நின்றான். வாலுக்கடியில் ஒரு தடவை நக்கினான். திரும்பி எங்கள் இருவருக்கும் நடுவில் புகுந்து, மறுபடியும் தட்டில் ஏறினான். நாங்கள் எழுந்திருக்கவில்லை.